எட்டாம் அடுக்கில் ஓர் இலை

தவறவிட்ட பொருட்கள் அறையில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பொறுமை நிறைய இருக்கும் என்று யாராவது நினைத்தால், அவர்கள் குடை அக்காவிடம் வந்து நின்றதில்லை என்று அர்த்தம். பேருந்து நிலையத்தின் கோடியில், கழிப்பறைக்கும் நேரப் பலகைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் அந்த அறையில் அவள் பத்தொன்பது வருடமாக இருக்கிறாள். ஜனங்கள் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போவதில் பாதிக்கு மேல் குடைகள். அத்தனையும் கறுப்பு. "கறுப்புக் குடைங்க, கைப்பிடி வளைஞ்சிருக்கும்" என்று அடையாளம் சொல்பவர்களிடம், "வளையாத கைப்பிடி எங்க இருக்கு, ஒண்ணு காட்டுங்க பாப்போம்" என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நிலையத்தில் அவளுடைய சொந்தப் பெயரைத் தெரிந்தவர் இப்போது சம்பளம் போடுகிறவர் ஒருவர்தான்.

அந்த அறையின் மேசைக்குக் கீழே, அவள் மடியில், ஒரு மஃப்ளர் வளர்ந்துகொண்டிருந்தது. வளர்ந்தது என்று மட்டும் சொன்னால் பொய். வளர்ந்தது, குறைந்தது, மறுபடி வளர்ந்தது. இரண்டரை மாதமாக இதே கூத்து. கருநீலத்தின் மேல் சாம்பல் நிற இலைகள். அடுக்குக்கு ஐந்து இலை, பதினைந்து அடுக்கு, மொத்தம் எழுபத்தைந்து. எல்லா இலையும் வலப்பக்கம் சாய்ந்து நிற்கவேண்டும். பின்னல் ஊசியில் வரிசைக்கு அறுபத்திரண்டு கண்ணி, அதாவது நூல் வளையம்; ஓர் அடுக்குக்குப் பதினாறு வரிசை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வாள். கூடவே இரண்டு வசவும் கிடைக்கும்.

மஃப்ளர் அவள் வீட்டுக்காரருக்கு. அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தாலும் தாள் முழுவதையும் திருப்பி அனுப்புகிறவர் என்பதால் அங்கே அவருக்குக் 'காற்புள்ளி' என்றே பெயர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதர். அந்த அச்சகத்தில் ஒரு சட்டம் உண்டு: பிழை கண்டால் சிவப்புப் பென்சிலால் சுழித்து, ஓரத்தில் திருத்தம் எழுதி, பக்கத்திலேயே தேதியும் சுருக்கொப்பமும் போடவேண்டும். யார் கோட்டைவிட்டது என்று பின்னால் சண்டை வராது. சுழித்தது தேவையில்லை, முன்பிருந்ததே இருந்துவிட்டுப் போகட்டும் என்று பிறகு தோன்றினால், அடியில் புள்ளிகள் வைத்து ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவார்கள். இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட 'இருக்கட்டும்' எழுதியதில்லை என்பது காற்புள்ளியின் பெருமை. வீட்டிலும் அப்படித்தான். சட்டையில் பொத்தான் நிறம் மாறினால் இருக்கட்டும் கிடையாது, நாற்காலி அரை அங்குலம் நகர்ந்தால் இருக்கட்டும் கிடையாது. அந்தப் பெருமையின் அருமை கட்டிக்கொண்டவளுக்குத்தான் தெரியும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அவர் தொண்டையில் ஒரு கட்டியை அறுத்து எடுத்தார்கள். உயிர் மிஞ்சியது, குரல் மிஞ்சவில்லை. மூச்சு விடுவதற்குக் கழுத்தின் அடியில் ஒரு துளை வைத்தார்கள். அது இனிமேல் மூடாது. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ், "மேல எதைக் கட்டினாலும் உள்பக்கம் மெல்லிசா பருத்தித் துணி இருக்கணும்மா. பிசிறு உள்ள போயிடக் கூடாது. இறுக்கிக் கட்டாதீங்க, காத்து போகணும்" என்று இரண்டு முறை சொன்னாள். அன்று திரும்பி வந்த பஸ்ஸில், பக்கத்தில் இருந்த பெண்மணி அவர் கழுத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்துபோய் வேறு இடத்தில் உட்கார்ந்தாள். அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அன்று வாசலுக்குள் நுழைந்தவர்தான், அதற்குப் பிறகு வாசலைத் தாண்டவில்லை.

பேசவேண்டியதை எல்லாம் பழைய அச்சுத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். அதிலும் புள்ளி, காற்புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த அச்சக முதலாளி கடிதம் போட்டார். பிழை திருத்தக் குரல் எதற்கு, கண் போதாதா, நாற்காலி அப்படியே இருக்கிறது, குளிர்காலத்தின் கடைசி மாதம் ஒன்றாம் தேதிவரை வைத்திருக்கிறேன், அதற்குமேல் என்னால் தாங்காது, வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று. நல்ல மனிதர்தான். அதைவிட நயமாக யாரும் எழுத முடியாது.

கடிதத்தைப் படித்த காற்புள்ளி ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "கழுத்தை மறைக்க நல்ல மஃப்ளர் இருந்தால் போவேன். குளிர்காலத்தில் எல்லோரும் கட்டுவார்கள், யாரும் உற்றுப்பார்க்கமாட்டார்கள். கடையில் வாங்கியது வேண்டாம், நீ பின்னு" என்று எழுதினார். கூடவே கட்டம் போட்ட ஒரு தாளையும் நீட்டினார். எப்போதோ அவர் பிழை திருத்திய பின்னல் புத்தகத்தின் ஒரு பக்கம். மகள் போனில், "கடையில மலை மாதிரி குவிஞ்சு கிடக்கேம்மா, ஒண்ணு வாங்கிக் கட்டிவிடக் கூடாதா?" என்று கேட்டாள். வாங்கிக் கட்டியும் பார்த்தார்கள். ஒன்று குத்தியது, ஒன்று வழுக்கியது, ஒன்று அடங்காமல் துளைக்குக் கீழே இறங்கியது. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, அவர் போவேன் என்று எழுதியதே அவளுக்குப் போதும். வேலை போய்விட்டால் அந்த மனிதர் மிச்ச ஆயுளை ஜன்னல் ஓரத்திலேயே முடித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்குச் சாதாரணப் பின்னல் வரும். பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் கையில் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தது. இரண்டு நிறத்தில் இலை போடுவது வேறு விவகாரம். எட்டு வரிசைக்குள்ளேயே விரலில் நூல் இரண்டும் முறுக்கிக்கொண்டு மல்லுக்கு நின்றன. மூன்று அடுக்கு முடித்துக் காட்டினபோது இலைகள் எல்லாம் எலி கடித்த மாதிரி இருந்தன. காற்புள்ளி தாளை வைத்துப் பார்த்தார், மஃப்ளரைத் திருப்பிப் பார்த்தார், எழுதினார்: "முன்பக்க வரிசையை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும், பின்பக்கம் திரும்பும்போது இடமிருந்து வலமாக. நீ இரண்டையும் ஒரே திசையில் படித்திருக்கிறாய். பிரிக்கவும்."

அது நியாயம். பிரித்தாள்.

பிரிப்பது என்றால் லேசில்லை. பிரித்த நூல் சுருண்டு சுருண்டு நிற்கும். அதை நனைத்து, தொங்கவிட்டு, காய்ந்தபின் உருண்டையாகச் சுற்றவேண்டும். காற்புள்ளி எதிரே உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருப்பார், நூல் அந்தக் கைகளில் மாட்டியிருக்கும், அவள் சுற்றுவாள். அப்போது அவர் முகத்தைப் பார்க்கமாட்டாள். பார்த்தால் கோபம் வரும், கோபம் வந்தால் நூலை இறுக்குவாள்.

இரண்டாம் முறை பத்து அடுக்கு வந்திருந்தாள். போன மாதம் இருபத்தேழாம் தேதி, அவளுடைய வார விடுமுறை நாள். இந்த வேகத்தில் போனால் இருபது நாள் மிச்சம் வைத்து முடித்துவிடலாம் என்று சந்தோஷமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் முன்னால் ஒரு தாள் வந்து விழுந்தது. "நான்காம் அடுக்கு, முதல் வரிசை. இரண்டு கண்ணி நிறம் மாறியிருக்கிறது. பிரிக்கவும்."

"ரெண்டு கண்ணிதானே?"

அவர் 'பிரிக்கவும்' என்பதன் அடியில் ஒரு கோடு போட்டார்.

"ஏங்க, அது பின்கழுத்துப் பக்கம் போயிடும். அங்க யாரு வந்து எட்டிப் பாக்கப்போறாங்க?"

இன்னொரு கோடு போட்டார். ஏழு அடுக்கு. நூற்றுப் பன்னிரண்டு வரிசை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தாள். பிரித்துமுடித்ததும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். துக்கத்தால் வந்த அழுகை இல்லை அது, சுத்தமான எரிச்சல்.

அதற்குப் பிறகு மஃப்ளரை வேலைக்கும் எடுத்துப்போக ஆரம்பித்தாள். அங்கே நிம்மதி எங்கே இருக்கிறது? இருபது கண்ணி போவதற்குள் ஒருவர் வந்து நிற்பார். "இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு… என்ன கலர்?" என்பாள். "கறுப்புங்க." "இருபத்தி… தொலைஞ்சுது." மறுபடி முதலிலிருந்து எண்ணவேண்டும். சூப்பர்வைசர் வேறு, தலைமுடியில் பேன் பார்க்கிற மாதிரி எதையாவது துருவிக்கொண்டே அலைகிற மனிதர், தினமும் வாசலில் நின்று ஒரு செருமல் செருமுவார்.

"அக்கா, இது அரசாங்க நேரம்."

"தொலைஞ்ச சாமானுக்கு அரசாங்க நேரம் தெரியுமா சார்? அது பாட்டுக்கு வருது. நானும் என் பாட்டுக்கு இருக்கேன்."

அப்படி ஒருநாள், எட்டாம் அடுக்கின் முதல் வரிசையில், நடு இலைக்குக் காம்பு போடும் இடத்தில், ஒரு பெரியவர் வந்து குடையைத் தேடுகிறேன் என்று முப்பது குடையையும் விரித்துப் பார்த்தார். கடைசியில், பஸ்ஸில் அல்ல, வீட்டில் வைத்துவிட்டு வந்த ஞாபகம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் வந்த கோபத்தில் காம்பை ஒரு கண்ணி தள்ளி வைத்துவிட்டாள். இந்நேரம் கை பழகிவிட்டது. தாளைப் பார்க்காமல், கீழே பின்னியதைப் பார்த்தே மேலே பின்னுவாள்; காம்பு போன பக்கமே இலையும் போயிற்று. அடுக்கு முடிந்து விரித்துப் பார்த்தால், நடு இலை மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. நான்கு பேர் வலது பக்கம் போக, ஒருவன் மட்டும் வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி.

அவள் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்தைந்தில் ஒன்று. யார் பார்க்கப்போகிறார்கள்? யார் பார்ப்பார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் தெரியாத மாதிரி ஒன்பதாம் அடுக்குக்குக் கண்ணி எடுத்தாள். அன்று சாயங்காலம் வழக்கம்போலக் காற்புள்ளி மஃப்ளரை வாங்கி மடியில் விரித்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அவர் ஒன்றும் எழுதாமல் மடித்துக் கொடுத்தார். தலை தப்பியது என்று நினைத்துக்கொண்டாள். மனிதருக்குக் கொஞ்சம் கண் மங்கியிருக்கிறது என்றுகூட ஒரு குட்டிச் சந்தோஷம்.

இருபத்துமூன்றாம் தேதி பதிமூன்றாவது அடுக்கு முடிந்தது. இன்னும் இரண்டுதான். எட்டு நாள் இருக்கிறது. உள்பக்கம் வைத்துத் தைக்க மெல்லிய பருத்தித் துணியைத் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். அப்போது வந்தது தாள்.

"எட்டாம் அடுக்கு, நடு இலை. திசை மாறியிருக்கிறது. பிரிக்கவும்."

அவளுக்கு முதலில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு வாய் ஓடியது. "ஆறு அடுக்குப் பிரிச்சு, மறுபடி ஆறு, அதுக்கு மேல ரெண்டு. எட்டு நாள்ல எட்டு அடுக்கு! எனக்கு என்ன பத்துக் கையா இருக்கு? ஒண்ணாம் தேதி வேற ஆளைப் போட்டுடுவாங்கன்னு நினைப்பு இருக்கா, இல்லையா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மஃப்ளரை ஊசியோடு சுருட்டி நாற்காலியில் எறிந்தாள். அடுப்பங்கரைக்குப் போய் இரண்டு பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள். கழுவி முடிக்கும்போது கோபமும் களைத்துவிட்டது. என்ன செய்வது, தப்பு அவளுடையதுதானே? தெரிந்தே விட்டதுதானே? லீவு போட்டுவிட்டு விடிய விடியப் பின்னியாவது முடிக்கவேண்டும் என்று மஃப்ளரை எடுத்து மடியில் வைத்தாள். பிரிக்கிற நூலைச் சுற்ற ஓர் அட்டை வேண்டும். அவருடைய மேசை இழுப்பறையை இழுத்தாள்.

அட்டைக்கு மேலே கட்டம் போட்ட தாள் ஒன்று இருந்தது. அவளிடம் இருந்ததன் நகல்; அவரே அளவுகோல் வைத்து வரைந்தது. அவள் முடித்த ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே ஒரு சிறிய சரி. நான்காம் அடுக்கில் சிவப்புச் சுழி. ஓரத்தில், 'நிறம்'. பக்கத்தில் அச்சகச் சட்டப்படி தேதி, சுருக்கொப்பம். தேதி: போன மாதம் ஒன்பது.

இருபத்தேழாம் தேதி சொன்னதை ஒன்பதாம் தேதியே பார்த்திருக்கிறார்.

எட்டாம் அடுக்கைத் தேடினாள். சுழி. 'திசை'. தேதி: இந்த மாதம் பதினொன்று. அவள் தலை தப்பியது என்று நினைத்த அதே சாயங்காலம். அதற்கு மேலே பதினோராம் அடுக்கில் ஒரு சுழி, பதிமூன்றில் இன்னொன்று. இரண்டுக்கும் தேதி இருந்தது. இரண்டைப் பற்றியும் இதுவரை தாள் வரவில்லை. அவள் முடிக்கப்போகிற நேரம் பார்த்து எடுத்து நீட்டுவதற்குப் பிழைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார் மனிதர். இருபத்தாறு வருடப் பழக்கம், தேதி போடாமல் இருக்க முடியவில்லை. திருட்டுத்தனம் செய்வதிலும் ஒழுங்கு.

அந்தத் தாளை அவர் முகத்துக்கு முன்னால் கொண்டுபோய் நீட்டினாள்.

"என்ன இது? பதினெட்டு நாள். பதினெட்டு நாள் நான் குனிஞ்ச தலை நிமிராம பின்னிக்கிட்டு இருந்தேன். நீங்க பாத்துக்கிட்டே உக்காந்திருந்தீங்க. போக இஷ்டமில்லேன்னா வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவர் கழுத்துத் துளையில் மூச்சு ஒருமுறை விசிலடித்தது. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்காகக் கோபம் போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை.

அவர் தாளை எடுத்து எழுதினார். வழக்கத்தைவிட மெதுவாக. "மஃப்ளர் முடிந்தால் நான் போகவேண்டும். இருமினால் சத்தம் வருகிறது. பஸ்ஸில் அந்த அம்மாள் எழுந்து போனாள். எனக்குப் பயமாக இருக்கிறது."

அவள் படித்தாள். "பயமா இருந்தா பயம்னு எழுதணும். என் கையை ஒடிக்கக் கூடாது" என்றாள். பிறகு, "எட்டாம் அடுக்கு எனக்கும் தெரியும். பின்னின அன்னைக்கே தெரியும். நானும்தான் மறைச்சேன்" என்றாள்.

அவள் பிரிக்கவில்லை. பதினான்காம் அடுக்குக்குக் கண்ணி எடுத்தாள். ஏழு நாளும் வீட்டில் தாள் எதுவும் வரவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை. முப்பதாம் தேதி கடைசிக் கண்ணியை அடைத்தாள். முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் பருத்தித் துணியைப் பின்பக்கம் வைத்துத் தைத்து, அயர்ன் பண்ணி, அளவு பார்ப்பதற்காகத் தன் கழுத்திலேயே கட்டிக் கண்ணாடி முன் நின்றாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. பதினைந்துக்கு நடு எட்டு. இரண்டு முனையையும் பின்னால் கொண்டுபோய்க் கட்டினால் எட்டாம் அடுக்கின் நடு இலை சரியாகத் தொண்டைக்குழிக்கு மேல் வந்து உட்கார்ந்தது. உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, அந்தப் பாழாய்ப்போன இலைக்கு அந்த இடம்தான் கிடைத்ததா என்று அவளுக்கு வயிறு எரிந்தது. பின்கழுத்துப் பக்கம் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்த மனிதர் இதைக் கட்டிக்கொண்டு போவது நடக்கிற காரியமா?

ஒன்றாம் தேதி காலை எட்டரைக்கு அவர் பனியனோடு ஜன்னல் ஓரத்தில் இருந்தார். அவள் மஃப்ளரை மடித்து மேசைமேல் வைத்தாள்.

"இதுல பிழை இருக்கு. எங்கெங்க இருக்குன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கட்டுறதும் கட்டாததும் உங்க இஷ்டம். இனிமே நான் ஒரு கண்ணிகூடப் பிரிக்கமாட்டேன்."

அவர் திரும்பவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். போகிற வழியெல்லாம் ஆத்திரம். மூன்று முறை எண்ணிய கண்ணிகள் ஆத்திரம், அழுத அழுகை ஆத்திரம், மேசைமேல் மடித்தபடியே கிடக்கப்போகிற மஃப்ளர் ஆத்திரம். முதலில் வந்த ஆள் கறுப்புக் குடை என்று வாயெடுத்ததும், "அந்த மூலையில இருக்கு, எது வேணுமோ எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். பத்தொன்பது வருடத்தில் அவள் அப்படிச் சொன்னதில்லை. சூப்பர்வைசர் காதில் அது விழுந்துவிட்டது. விசாரிக்க உள்ளே வந்து மேசையருகில் நின்றுகொண்டார்.

ஒன்பதேகாலுக்கு வரிசையில் மூன்றாவது ஆளாகக் காற்புள்ளி நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை. கழுத்தில் கருநீல மஃப்ளர், முனைகள் பின்னால். அச்சகத்துக்கு இங்கேதான் பஸ் மாறவேண்டும். முன்னால் நின்றவர்கள் நகர நகர அவரும் நகர்ந்து வந்து மேசைக்கு எதிரே நின்றார். நெற்றியில் வியர்வை. சட்டைப் பையில் சிவப்புப் பென்சில்.

சூப்பர்வைசருடைய கண் நேராக அவர் தொண்டைக்குப் போனது. அங்கேயே நின்றது. கிட்டே குனிந்து பார்த்தார். அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். இந்த ஆள் இப்போது ஏதாவது சொல்லித்தொலைக்கப் போகிறான், இவர் இப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விடப் போகிறார் என்று.

"அக்கா," என்றார் சூப்பர்வைசர், "ஒரு இலை மட்டும் திரும்பி இருக்கே, கவனிக்கலியா?"

காற்புள்ளி மேசைமேல் கிடந்த படிவம் ஒன்றை இழுத்துப் பின்பக்கம் திருப்பினார். சிவப்புப் பென்சிலால் ஓர் இலை வரைந்தார், இடப்பக்கம் சாய்ந்த மாதிரி. அதன் அடியில் வரிசையாகப் புள்ளிகள் வைத்தார். ஓரத்தில் எழுதினார்: "இருக்கட்டும்."

பிறகு தேதி போட்டார். சுருக்கொப்பம் போட்டார். தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் அதைப் படித்தாள். கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்தவள், அவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்று மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

"போங்க, போங்க," என்றாள். "ஒன்பதரை பஸ்ஸை விட்டா அடுத்தது பத்துக்குத்தான்."